சம்பளமில்லாத சின்தசைசர் வேலையும் ஒரு அரியரும்: ஈ.சி.ஈ. மாணவரின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

மற்ற பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகன் ஈ.சி.ஈ. இரண்டாம் ஆண்டு. ‘சர்ஜ் எக்ஸ்டி’ என்ற இசை மென்பொருளுக்காக, முகம் தெரியாத வெளிநாட்டவர்களோடு சேர்ந்து நள்ளிரவு தாண்டியும் கோடிங் எழுதிக்கொண்டிருக்கிறார். ஒரு ரூபாய் வருவதில்லை. போன செமஸ்டரில் கணக்கில் அரியர் விழுந்துவிட்டது. “என் பிள்ளையிடம் யாரோ ஓசியில் வேலை வாங்குகிறார்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை அம்மா, யாரும் அவரை ஏமாற்றவில்லை. அரியரைப் பற்றிய உங்கள் கவலை மட்டும் முழுக்க நியாயமானது. அதற்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன்.

முதலில் அது என்ன மென்பொருள் என்று பார்ப்போம். சின்தசைசர் என்பது ஒலியைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளாமல், கணக்குப் போட்டே உருவாக்கும் கருவி. சர்ஜ் அதைக் கணினிக்குள் மென்பொருளாகவே செய்கிறது. கிளாஸ் யோஹான்சன் என்பவர் எழுதி, வெம்பர் ஆடியோ என்ற பெயரில் காசுக்கு விற்றுக்கொண்டிருந்தது இது. 2018இல் அதன் மூல நிரல் முழுவதையும் ஜி.பி.எல். உரிமத்தில் பொதுவில் வைத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். மாற்றியதை வெளியே கொடுத்தால் அதன் நிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அன்று முதல் தன்னார்வலர்கள்தான் அதைப் பராமரிக்கிறார்கள். 2022 ஜனவரியில் வந்த சர்ஜ் எக்ஸ்டி அவர்கள் உழைப்பு. யோஹான்சனோ பெர்லினில் பிட்விக் என்ற இசை மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

இதில் கோடிங் எழுதுபவர்கள் மட்டும் இல்லை. புது ஒலிகளை அமைத்துத் தருபவர்கள், கையேடு எழுதுபவர்கள், ஒவ்வொரு வெளியீட்டையும் சோதித்துப் பார்ப்பவர்கள் என்று பலர். பார்வையற்ற இசைக்கலைஞர்கள் திரைவாசிப்பான் வைத்து இயக்கும்படி சர்ஜ் எக்ஸ்டியை மாற்றியிருக்கிறார்கள். லாபம் பார்க்கும் பல நிறுவனங்கள் தொடாத வேலை அது. அப்படிப்பட்ட குழுவில் உங்கள் மகன் இருப்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

அங்கே அவர் என்ன கற்கிறார் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். ஒன்றிரண்டை விளக்கமாகச் சொல்கிறேன்.

கணினியில் ஒலி, உதாரணமாக, ஒரு நொடிக்கு 48,000 எண்களாக ஓடுகிறது. மேடையில் வாசிப்பவர் சிறிய அளவில், உதாரணமாக 64 எண்களை, ஒரு கட்டாக வைத்துக்கொள்வார். அப்போதுதான் விசையை அழுத்தியதும் சத்தம் வரும். அந்த 64 எண்களையும் கணக்கிட மென்பொருளுக்குக் கிடைப்பது சுமார் 1.3 மில்லி நொடி. தாமதமானால் ஒலிபெருக்கியில் ‘டப்’ என்று வெடிக்கும். அதனால் அந்த இடத்தில் கோப்பைத் திறக்கக் கூடாது, புதிதாக நினைவகம் கேட்கக் கூடாது, வேறொரு வேலை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காரின் பிரேக் கட்டுப்பாட்டிலும் மருத்துவமனை மானிட்டரிலும் எழுதப்படும் நிரலுக்கும் இதே ஒழுக்கம்தான் வேண்டும். கல்லூரி லேபில் இது கிடைப்பது அபூர்வம்.

இன்னொன்று, பழையதைக் கெடுக்காமல் புதியதைச் சேர்ப்பது. ஒருவர் சில வருடங்களுக்கு முன் சர்ஜில் ஒரு ஒலியை அமைத்துப் பாட்டில் போட்டிருப்பார். இன்றைய பதிப்பில் திறந்தாலும் அது அதே போலக் கேட்க வேண்டும். அதற்காக ஒலியின் அமைப்பைச் சேமிக்கும் ஒவ்வொரு கோப்புக்குள்ளும், எந்தக் காலத்து வடிவத்தில் எழுதப்பட்டது என்று ஒரு எண் பதிந்திருக்கும். புதுப் பதிப்பு அந்த எண்ணைப் பார்த்து, பழைய அமைப்பைச் சரியாகப் புரிந்துகொள்ளும். ஒரு வசதியைச் சேர்க்கும் மாணவர் அதை எழுதினால் மட்டும் போதாது. பழைய கோப்புகளுக்கு என்ன ஆகும் என்றும் யோசித்தாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்தால் முதல் சில வருடங்கள் பெரும்பாலும் அடுத்தவர் எழுதியதைப் பராமரிப்பதுதான் வேலை. அதை இப்போதே பழகுகிறார்.

இனி அரியர். உங்கள் கடிதத்தில் அது ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ் பேப்பர், அதாவது ஒரு அலையை அதற்குள் இருக்கும் அதிர்வெண்களாகப் பிரித்துப் பார்க்கும் கணக்கு, என்று பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அம்மா, அவர் இரவெல்லாம் செய்யும் வேலை முழுக்க நிற்பதே அந்தக் கணக்கின் மேல்தான். நொடிக்கு 48,000 எண்கள் என்றால் அதில் பாதியான 24,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எந்த ஒலியையும் வைக்க முடியாது. 5,000 ஹெர்ட்ஸில் ரம்பப்பல் வடிவ அலை ஒன்றை யோசிக்காமல் உருவாக்கினால், அதற்குள் இருக்கும் மடங்குகளில் ஏழாவதான 35,000 ஹெர்ட்ஸ் திரும்பி வந்து, 48,000இல் அது போக மீதியான 13,000 ஹெர்ட்ஸில் அபஸ்வரமாகக் கேட்கும். ஏன் அங்கே விழுகிறது, எப்படித் தடுப்பது என்பதற்கு விடை அந்த பேப்பரில் வரும் ஃபூரியர் கணக்கில் இருக்கிறது. “இந்த பேப்பரை முடிக்காமல் அந்த மென்பொருளின் வெளிப்புறத்தில்தான் நிற்பாய்” என்று தம்பியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஐ.ஐ.டி.க்களின் இணையப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.லில் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. அடுத்த தேர்விலேயே எழுதி முடிக்கட்டும். கேம்பஸுக்கு வரும் பல நிறுவனங்கள் நிலுவை அரியர் இருப்பவரை எழுத்துத் தேர்வுக்கே உட்கார விடுவதில்லை. சின்தசைசரில் அவர் செய்ததை எடுத்துச் சொல்ல வாய்ப்பே கிடைக்காமல் போய்விடும்.

இரவு விழிப்பும் தேவையில்லை. அமெரிக்காவும் ஐரோப்பாவும் விழித்திருக்கும் நேரத்தில் நாமும் இருந்தால்தான் மரியாதை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். இத்தகைய திட்டங்களில் எல்லாம் எழுத்தில்தான் நடக்கிறது. மாலையில் மாற்றத்தை அனுப்பிவிட்டுத் தூங்கினால், காலையில் பதில் காத்திருக்கும். வேறு வேலையில் சம்பாதித்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் வருபவர்கள்தான் இவற்றைத் தாங்குகிறார்கள். மாணவர் தேர்வுக்காக ஒரு மாதம் ஒதுங்குகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

“எவ்வளவு நேரம் உட்கார்ந்தாய்?” என்று கேட்பதை விட்டுவிடுங்கள். “உன் மாற்றம் எது ஏற்கப்பட்டது? யார் பார்த்தார்கள், என்ன திருத்தச் சொன்னார்கள்?” என்று கேளுங்கள். அவர் சேர்த்த ஒவ்வொரு மாற்றமும், நிரல்களை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் அவர் பெயரோடு, தேதியோடு இருக்கும். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. சில மாதங்களாக ஒன்றுமே சேரவில்லை, அரட்டை மட்டும்தான் என்றால் அப்போது கண்டிப்பாகப் பேசலாம். சேர்ந்திருந்தால், அந்த இணைப்பை ரெஸ்யூமேயின் முதல் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் ஒரே ஒரு பிழையை எடுத்து, எப்படிக் கண்டுபிடித்தேன், எப்படிச் சரிசெய்தேன் என்று பத்து நிமிடம் பேசத் தெரிந்தால், திறமையுள்ள எந்த இன்ஜினியரும் காது கொடுத்துக் கேட்பார்.

வேலை எங்கே கிடைக்கும்? இசை மென்பொருள் எழுதும் நிறுவனங்கள் நம் ஊரில் மிகக் குறைவு. ஏபிள்டன், பிட்விக் போன்றவை இருப்பது பெர்லினில். அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஆனால் சி பிளஸ் பிளஸும் ஒலிக் கணக்கும் தெரிந்தவர்களுக்கு வாசல் அகலம். ஹார்மன், டால்பி, குவால்காம் எல்லாவற்றுக்கும் பெங்களூரில் அலுவலகம் இருக்கிறது. கார், ஹெட்போன், கைபேசி சிப் என்று ஒலி போகும் இடமெல்லாம் இந்த வேலை உண்டு. படிக்கும்போதே கொஞ்சம் பணமும் வேண்டுமென்றால், இப்படிப்பட்ட பொது மென்பொருள் திட்டங்களில் புதியவர்களைச் சேர்த்துவிடும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் இருக்கிறது. 18 வயது நிரம்பியவர்கள் விண்ணப்பிக்கலாம், தேர்வானால் உதவித்தொகை உண்டு. எந்தத் திட்டங்கள் பங்கேற்கின்றன என்பது வருடத்துக்கு வருடம் மாறும், பட்டியலைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

இந்த உலகில் ஆள் மாறுவது சகஜம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ருமேனியாவின் நாஸ்கா ஆக்டேவியன் பால் 2002இல் தொடங்கிய ‘ஜின்ஆட்சப்எஃப்எக்ஸ்’ என்ற சின்தசைசரைப் பின்னாளில் மார்க் மெக்கரி பராமரித்தார். அதே நிரலிலிருந்து ‘யோஷிமி’ என்று இன்னொன்று பிரிந்து தனியாக வளர்ந்தது. தொடங்கியவர் விலகினாலும் மென்பொருள் பிழைத்தது, எடுத்து நடத்த ஆள் இருந்ததால். உங்கள் மகனும் வேலைக்குப் போய் நேரம் குறைந்தால், தன் பகுதியை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு விலகலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, வேலைக்கான ஒப்பந்தம் கைக்கு வரும்போது எனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். பணியில் இருக்கும் காலத்தில் ஊழியர் எழுதும் நிரல் எல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்று பல ஒப்பந்தங்களில் ஒரு விதி இருக்கும். சர்ஜில் தொடர விரும்பினால், கையெழுத்துப் போடும் முன்பே எச்.ஆரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட வேண்டும்.