தலசீமியா டிரெய்ட்: திருமணத்துக்கு முன் யார் யாருக்குப் பரிசோதனை?

கேள்வி: எனக்கு 23 வயது. ஏற்காட்டில் காப்பித் தோட்டப் பகுதியில் வசிக்கிறேன். இரத்தம் குறைவு என்று சிறு வயதிலிருந்தே சத்து மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். சேலத்தில் வேலைக்குச் சேரும்போது எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.8, எம்.சி.வி. (சிவப்பணுக்களின் சராசரி அளவு) 64, சிவப்பணுக்கள் 54 லட்சம், ஹீமோகுளோபின் ஏ2 5.2 சதவீதம் என வந்தது. ‘பீட்டா தலசீமியா டிரெய்ட்’ என்று எழுதியிருந்தார்கள். அம்மாவுக்கும் அதே முடிவு. தாய்மாமன் மகனுடன் எனக்குத் திருமணம் பேசியிருக்கிறார்கள். “மரபணுவிலேயே கோளாறு என்றால் அது தலையெழுத்து” என்கிறார் அத்தை. வேறு இரத்தம் ஏற்றினால் இது போய்விடுமா? குழந்தைக்கும் வருமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் நோயாளி அல்லர். தலசீமியா என்பது ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத மரபணு நோய். ‘டிரெய்ட்’ என்றால், அதற்கான மாற்றம் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் இருக்கிறது என்று பொருள். உங்கள் சிவப்பணுக்கள் அளவில் சிறியவை, ஆனால் எண்ணிக்கையில் குறைவில்லை. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் அணுக்கள் சிறுத்துப் போவதோடு எண்ணிக்கையும் பெரும்பாலும் குறைந்துவிடும். அளவு குறைந்தும் எண்ணிக்கை நிறைந்தும் இருப்பது தலசீமியா டிரெய்ட்டைச் சந்தேகிக்க வைக்கும் அடையாளம். ஹீமோகுளோபினின் ஒரு சிறு வகையான ஏ2வின் அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டியிருப்பது அதை உறுதி செய்கிறது.

நம் உயிரணுக்களில் 23 இணை குரோமோசோம்கள் இருக்கின்றன. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வோர் இணையும் அமைகிறது. ஒருவரிடமிருந்து வரும் டி.என்.ஏ. ஏறத்தாழ 300 கோடி வேதியியல் எழுத்துகளால் ஆனது. அதில் புரதங்களுக்கான மரபணுக்கள் சுமார் 20,000. அவற்றில் ஒன்று, 11ஆம் குரோமோசோமில் உள்ள பீட்டா குளோபின் மரபணு. ஹீமோகுளோபினில் இரண்டு ஆல்ஃபா சங்கிலிகளும் இரண்டு பீட்டா சங்கிலிகளும் சேர்ந்திருக்கின்றன. 146 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா சங்கிலியைச் செய்ய வழிகாட்டுவது இந்த மரபணுதான். இந்தியர்களிடம் மிகுதியாகக் காணப்படும் பீட்டா தலசீமியா மாற்றத்தில், ‘ஜி’ இருக்க வேண்டிய ஓரிடத்தில் ‘சி’ இருக்கிறது, அவ்வளவுதான். அதுவும் புரதத்துக்கான பகுதியில்கூட இல்லை. மரபணுவின் நகலிலிருந்து வெட்டி நீக்கப்பட வேண்டிய இடைப்பகுதியில் இருக்கிறது. ஆனால் அந்த ஓர் எழுத்து மாறியதால் வெட்டும் இடம் தவறிப்போகிறது, பீட்டா சங்கிலி மிகக் குறைவாகவே உருவாகிறது. உங்களுக்கு இன்னொரு குரோமோசோமில் உள்ள பிரதி சரியாக இயங்குவதால், அணுக்கள் சற்றுச் சிறியனவாக இருப்பதைத் தவிரப் பெரிய பாதிப்பு ஏதுமில்லை.

இதைத் தலையெழுத்து என்பதை ஒரு மருத்துவராக நான் ஏற்க மாட்டேன். இரத்தப் பிரிவு போன்ற சிலவற்றை மரபணு முற்றிலுமாகத் தீர்மானிக்கிறது என்பது உண்மையே. உயரத்தை எடுத்துக்கொண்டால் மரபணுவோடு குழந்தைப் பருவ ஊட்டமும் நோய்களும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையர்களுக்கு டி.என்.ஏ. ஏறக்குறைய ஒன்றேயாயினும் கைரேகை வேறுபடுகிறது. குணமும் வாழ்க்கையும் வேறுபடுவதைச் சொல்ல வேண்டியதில்லை. மேலும், வெளியே தெரியாத மரபணு மாற்றங்கள் சிலவற்றைச் சுமக்காத மனிதர் இல்லை. உங்களுடையது சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே தெரியும் வகையைச் சேர்ந்தது என்பதால் அகப்பட்டுக்கொண்டது, அத்தையுடையது அகப்படவில்லை. இத்தகைய மாற்றம் இத்தனை பேரிடம் நிலைத்திருப்பதற்கும் காரணம் உண்டு: ஒரு பிரதியில் மட்டும் மாற்றம் உள்ளவர்களுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கிறது என்ற கருத்தை 1949இல் பிரிட்டனைச் சேர்ந்த மரபியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் முன்வைத்தார். பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் காலமான அதே அறிஞர்தான்.

இனி திருமணம். மாப்பிள்ளைக்கு இந்த மாற்றம் இல்லையென்றால், உங்கள் குழந்தைக்குக் கடுமையான பீட்டா தலசீமியா வராது. உங்களைப் போல டிரெய்ட் மட்டும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அவருக்கும் இருந்தால், ஒவ்வொரு முறை கருவுறும்போதும் நான்கில் ஒரு வாய்ப்பு, குழந்தை இரண்டு பிரதிகளிலும் மாற்றத்தோடு பிறப்பதற்கு. முதல் குழந்தை நலமாகப் பிறந்துவிட்டது என்பதால் அடுத்த குழந்தைக்கு இந்தக் கணக்கு மாறாது.

அவருக்கு இருக்க எவ்வளவு வாய்ப்பு? இந்திய மக்கள்தொகையில் பொதுவாக நூற்றுக்கு மூன்று நான்கு பேரிடம் இந்த மாற்றம் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். உங்களுக்கு இது அம்மா வழியாக வந்திருப்பதால், அவருடைய உடன்பிறந்த மாமாவுக்கு இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, மாமா மகனுக்கு நான்கில் ஒரு வாய்ப்பு. தாய்மாமனையே மணப்பதாக இருந்தால் இரண்டில் ஒன்று. நம் பக்கத்தில் சொந்தத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதை நான் குறை சொல்ல வரவில்லை. சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்ற எண்ணம் புரியக்கூடியதே. ஆனால் டிரெய்ட் உறுதியான குடும்பத்தில் மாப்பிள்ளையைப் பரிசோதிக்காமல் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிப்பது சரியன்று. பெண்ணின் அறிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு குறை பேசுவது அதைவிடத் தவறு.

மாப்பிள்ளைக்கு எடுக்க வேண்டியவை முழு இரத்த எண்ணிக்கையும், ஹீமோகுளோபினின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. பரிசோதனையும். ஹீமோகுளோபின் அளவை மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று விட்டுவிடக் கூடாது. சிக்கிள் செல், ஹீமோகுளோபின் ஈ ஆகியவை பீட்டா குளோபின் மரபணுவில் வரும் வேறு மாற்றங்கள். அவை அவரிடம் இருந்தாலும், உங்களுடையதோடு சேர்ந்து குழந்தைக்கு நோயை உண்டாக்கக்கூடும், ஹெச்.பி.எல்.சி. இவற்றையும் காட்டிவிடும்.

கடுமையான தலசீமியாவுடன் பிறக்கும் குழந்தை பிறந்தவுடன் நன்றாகவே இருக்கும் என்பதால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். கருவில் இருக்கும்போது பீட்டாவுக்குப் பதிலாக காமா என்னும் வேறொரு சங்கிலி ஹீமோகுளோபினில் இருக்கிறது. அதற்கான மரபணு தனி. பிறந்த சில மாதங்களில் காமா மரபணு படிப்படியாக ஓய்ந்து பீட்டா மரபணு பொறுப்பேற்கிறது. பொறுப்பேற்க வேண்டியது சரியாக இயங்காதபோது, ஆறு மாதத்துக்குப் பிறகு குழந்தை வெளுக்கத் தொடங்கும், எடை ஏறாது, மண்ணீரல் வீங்கும். பிறகு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றத் தனி மருந்து வேண்டும். பொருத்தமான கொடையாளர் கிடைத்தால் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நோயைக் குணப்படுத்தக்கூடும்.

இருவருக்குமே டிரெய்ட் என்று தெரியவந்தாலும், திருமணம் செய்துகொள்ளலாமா என்பது நீங்கள் இருவரும் எடுக்க வேண்டிய முடிவு. செய்துகொள்வதானால், கருவுறுவதற்கு முன்பே இருவருடைய டி.என்.ஏ.விலும் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று கண்டறிந்து வைத்துக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால்தான் 11 முதல் 14 வாரத்துக்குள் நச்சுக்கொடித் திசுவை எடுத்துக் கருவின் நிலையை உரிய காலத்தில் அறிய முடியும்.

வேறு இரத்தம் ஏற்றினால் இது போகாது. சிவப்பணுக்கள் உங்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. ஏற்றிய அணுக்கள் அதிகம் போனால் நான்கு மாதம் வாழ்ந்து அழிந்துவிடும். உங்களுக்கு இரத்தம் ஏற்றத் தேவையும் இல்லை. இரும்பு மாத்திரையைப் பொறுத்தவரை, உடலில் உள்ள இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்து, குறைவாக இருந்தால் மட்டும் தொடருங்கள். இத்தனை ஆண்டுகள் பார்க்காமலே கொடுத்திருக்கிறார்கள் என்பது வருத்தமே. முருங்கைக்கீரையும் பேரீச்சையும் வழக்கம்போல் சாப்பிடலாம். கர்ப்பக் காலத்தில் ஹீமோகுளோபின் மேலும் இறங்கக்கூடும். ஃபோலிக் அமிலம் அவசியம், பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே இந்த அறிக்கையைக் காட்டுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும், அம்மாவுடன் பிறந்தவர்களின் பிள்ளைகளுக்கும் பெண் பார்க்கத் தொடங்குமுன் இதே இரண்டு பரிசோதனைகளையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.