மணி உருளுகிறது, மனம் நிற்கவில்லை: ஜபத்தில் என்ன செய்யலாம்?

வாசகி ஒருவரின் கேள்வி: "நான்கு மாதமாகத் தினமும் காலையில் 108 முறை 'ஓம் நமசிவாய' ஜபிக்கிறேன். மனத்துக்குள் சொல்வதுதான் உயர்ந்தது என்று படித்ததால் வாய் திறப்பதில்லை. ஆனால் இருபது மணி தாண்டுவதற்குள் மனம் எங்கெங்கோ போய்விடுகிறது, விரல் மட்டும் மணியைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. சில நாள் முதலிலிருந்து மறுபடி தொடங்குவேன். சில நாள் அழுகையே வந்துவிடும். எனக்கு யாரும் உபதேசம் செய்யவில்லை, அதனால்தான் இப்படியா? போன வாரம் ருத்ராட்ச மாலையும் அறுந்து விழுந்துவிட்டது. இது ஏதாவது அறிகுறியா?"

முதலில் வாயைத் திறந்து சொல்லுங்கள் அம்மா. என் பதிலில் பாதி அதுதான்.

ஜபத்தில் மூன்று விதம் உண்டு. காதில் விழும்படி சொல்வது வாசிகம். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காமல் உதடு மட்டும் அசையச் சொல்வது உபாம்சு. உதடும் நாக்கும் அசையாமல் உள்ளுக்குள்ளேயே சொல்வது மானசம். வேள்வியைவிட ஜபம் பத்து மடங்கு, உபாம்சு நூறு மடங்கு, மானசம் ஆயிரம் மடங்கு என்று மனுஸ்மிருதி சொல்கிறது. இதைப் படித்துவிட்டுப் பலர் முதல் நாளே ஆயிரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். நீங்கள் செய்ததும் அதுதான். பக்திக் குறையோ மனக்கோளாறோ இல்லை, ஏறிய படி கொஞ்சம் முந்திவிட்டது, அவ்வளவே.

மானச ஜபத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஒலி இல்லை, உதட்டின் அசைவு இல்லை. அங்கே நாமமும் ஒரு நினைவு, அடுப்பை அணைத்தோமா என்பதும் ஒரு நினைவு. பழகாத மனத்தில் அடுப்புதான் ஜெயிக்கும். வாய்விட்டுச் சொல்லும்போது நாக்குக்கும் காதுக்கும் வேலை இருக்கிறது, மனம் நழுவினால் உடனே தெரிந்துவிடும். எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர், எழுபது வயது தாண்டியும் முதல் பத்து நாமத்தை வாய்விட்டே சொல்வார். அப்புறம் குரல் மெல்ல இறங்கி உதட்டுக்குப் போகும். கொஞ்ச நேரத்தில் உதடும் நின்றுவிடும். அவர் நிறுத்தியதாகவே தெரியாது, தானாக அடங்கியதுபோல இருக்கும். மானசம் வரவேண்டிய விதம் அது.

ஆகவே நாளையிலிருந்து இப்படிச் செய்து பாருங்கள். முதல் 27 மணிகளை உங்கள் காதுக்குக் கேட்கும் அளவு குரலில் சொல்லுங்கள். மீதி 81 மணிகளுக்கு உதடு மட்டும் அசையட்டும். நடுவில் மனம் ஓடியது தெரிந்தால் அதைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டாம், அடுத்த பத்து மணிகளுக்கு மறுபடி குரலை எடுங்கள். மானசத்தை இப்போதைக்குத் தேடவே தேடாதீர்கள்.

சொல்லும் வேகத்தையும் கவனியுங்கள். அவசரத்தில் 'வா' குறுகிவிடும், கடைசி 'ய' தொண்டையிலேயே நின்றுவிடும். 'வா' நெடில், அதற்கு உரிய நீளத்தைக் கொடுங்கள். கடைசி 'ய' முழுதாக வெளியே வந்தபிறகு அடுத்த 'ஓம்' தொடங்கட்டும். ஒன்றுக்கு மூன்று நொடி வைத்தாலும் 108க்கு ஐந்தரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அவசரப்பட இதில் என்ன இருக்கிறது? பொருளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மந்திரத்தை அதன் பொருளை மனத்தில் நிறுத்தி ஜபிக்க வேண்டும் என்பது பதஞ்சலியின் யோக சூத்திரத்திலேயே இருக்கிறது. நமசிவாய என்றால் சிவனுக்கு வணக்கம். 'நம' என்று சொல்லும்போதெல்லாம் உள்ளே ஒரு முறை தலை குனியட்டும். இந்தச் சின்னக் காரியம் மனத்தைப் பிடித்துவைப்பதுபோல வேறொன்று பிடிப்பதில்லை என்பது என் அனுபவம்.

அடுத்தது எண்ணிக்கை. மனம் ஓடிவிட்டது என்பதற்காக முதல் மணிக்குத் திரும்ப வேண்டாம். எங்கே இருக்கிறோம் என்பதை விரல் வைத்திருக்கிறது, அங்கிருந்தே தொடருங்கள். 108 மணிகளை ஒரு சுற்று உருட்டினால் கணக்கில் 100 என்றே எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. மீதி எட்டும் நாக்குக் குழறியதற்கும் மனம் தவறியதற்கும் விட்டுக்கொடுத்தது. தவறும் என்று தெரிந்துதான் பெரியவர்கள் இடம் வைத்திருக்கிறார்கள், நீங்கள் ஏன் அழ வேண்டும்?

மாலையைப் பிடிக்கும் முறையையும் பார்த்துவிடலாம். வலது கையின் நடுவிரலில் மாலை தொங்கட்டும். கட்டைவிரலால் ஒவ்வொரு மணியாக உங்கள் பக்கம் இழுங்கள். ஆட்காட்டி விரல் மாலையைத் தொடாமல் விலகி நிற்க வேண்டும், நகம் மணியில் படக்கூடாது. 108 முடிந்ததும் குஞ்சத்தோடு சேர்ந்த தனி மணி ஒன்று வரும். அதுதான் மேரு. அதை எண்ணுவதும் இல்லை, தாண்டுவதும் இல்லை. இன்னொரு சுற்று வேண்டுமானால் மாலையைத் திருப்பிப் பிடித்து வந்த வழியே போக வேண்டும், கடைசி மணி முதல் மணியாகிவிடும்.

உபதேசம் பற்றிக் கேட்டீர்கள். காயத்ரி, 'ஹ்ரீம்' போன்ற பீஜாட்சர மந்திரங்கள், அம்பிகை உபாசனையான ஸ்ரீவித்யை போன்றவற்றைக் குருவிடம் பெற்றுத்தான் ஜபிக்க வேண்டும், ஏட்டைப் பார்த்துத் தொடங்கக்கூடாது. இதில் நான் கறாராகவே இருப்பேன். நாம ஜபத்துக்கு அந்தக் கட்டு இல்லை. 'நமசிவாய' என்ற ஐந்தெழுத்தைச் சைவ மரபில் தீட்சையோடு முறையாகச் சொல்லித்தருவார்கள். முன்னால் பிரணவம், அதாவது 'ஓம்', சேர்ப்பதிலும் மரபுக்கு மரபு வழக்கம் மாறும். உங்களுக்கு உறுத்தல் இருந்தால் தீட்சை கிடைக்கும்வரை 'சிவ சிவ' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருங்கள், ஒன்றும் குறையாது. தூங்கும்போதும் தூங்காதபோதும் நெஞ்சம் நைந்து நாள்தோறும் நினையுங்கள் என்றுதான் ஐந்தெழுத்தைப் பாடும்போது சம்பந்தர் சொல்கிறார். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்ட வேண்டாம், வழக்கமான ஒரு சுற்றுப் போதும்.

சரி, அறுந்த மாலை. இதற்காகத் தயவுசெய்து பயப்படாதீர்கள். நான்கு மாதம் தினமும் ஒரே பக்கமாக இழுபட்ட நூல் தேயும், தேய்ந்தால் அறும். மேருவுக்குப் பக்கத்தில்தான் முதலில் நையும், அறுந்த முனையைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். மணிகளைப் பொறுக்கி எண்ணிப் பாருங்கள். குறைந்தால் அதே அளவில் வேறு மணி சேர்க்கலாம். தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்திக் கெட்டியான நூலில் கோத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கு நடுவே ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் இனி அறுந்தாலும் சிதறாது.

அதுவரை ஜபத்தை நிறுத்த வேண்டியதில்லை, விரல்கணுவே போதும். வலது கை மோதிர விரலின் நடுக்கணுவில் கட்டைவிரலை வைத்துத் தொடங்குங்கள். அதன் அடிக்கணு, சுண்டுவிரலின் அடி, நடு, நுனி, பிறகு மோதிர விரலின் நுனி, நடுவிரலின் நுனி, ஆட்காட்டி விரலின் நுனி, நடு, அடி. இது பத்து. நடுவிரலில் மிஞ்சும் இரண்டு கணுக்களும்தான் இங்கே மேரு, அவற்றைத் தொடுவதில்லை. பத்துகளின் கணக்கை இடது கை வைத்துக்கொள்ளட்டும்.

மாலை கட்டி முடிந்ததும் சுவாமி முன் வைத்து வணங்கிவிட்டு, முதல் சுற்றை முழுக்க வாய்விட்டே சொல்லுங்கள். புது நூல் இறுக்கமாக இருக்கும், மணி மெதுவாகத்தான் நகரும். இப்போது உங்களுக்கு அந்த வேகம்தான் வேண்டும்.