ஆச்சியிடம் கேளுங்கள்: தைலமும் முகக் களிம்பும்

ஆச்சி, பொருட்காட்சியில் ஒரு மூலிகைத் தைலம் வாங்கினேன். 21 நாளில் அரையடி முடி வளரும் என்றார்கள். விலை 1,800 ரூபாய், பில் இல்லை. இரண்டு மாதமாகியும் பலனில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகி, பள்ளத்தூர்

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். வளர்கிற இடம் தோலுக்குள் இருக்கும் மயிர்க்கால். வெளியே நாம் பின்னிப் போடுவது கெரட்டின் என்கிற உயிரில்லாத புரதம், அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. எண்ணெய் அதற்கு மினுமினுப்புத் தரும், சிக்கைக் குறைக்கும். அதற்கு நம் செக்கு எண்ணெயே போதும்.

திங்கட்கிழமைச் சந்தையில் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிறோம். 1,800 ரூபாய்க்கு ஒரு பில் கேட்க வேண்டாமா? போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும் பாட்டிலும் ஆதாரமாகும். ரொக்கமாகக் கொடுத்து, கடைக்காரர் பெயரும் தெரியாது என்றால் பணம் வருவது கடினம்.

கொலாஜன் கிரீம் பூசினால் சுருக்கம் போகுமா?
– தேவகோட்டை

போகாது. கொலாஜன் என்பது தோலை உறுதியாக வைக்கும் புரதம், அது இருப்பது அடித்தோலில். கிரீமில் உள்ள கொலாஜன் மேல்தோலைத் தாண்டி அங்கே போக முடியாத அளவுக்குப் பெரியது.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது தெரிந்தவர் கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். பத்தே நாளில் முகம் வெளுத்தது, எல்லோரும் கேட்டு வாங்கினார்கள். இப்போது நிறுத்தினால் முகம் சிவந்து எரிகிறது, பரு வருகிறது, கன்னத்தில் பூனைமுடி தெரிகிறது. வெளியே போகவே கூச்சமாக இருக்கிறது. என் தப்புத்தானே ஆச்சி?
– காரைக்குடி

உன் தப்பு இல்லை, அம்மா. நம்பிக் கேட்டவளுக்கு மருந்தை அழகுப் பொருள் என்று விற்றவர்கள் தப்பு.

டியூபின் பின்பக்கம், மடிப்புக்கு மேலே எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார். ஹைட்ரோகுயினோன், டிரெடினாயின், மொமெடசோன் என்று மூன்று பெயர் இருந்தால், அதில் கடைசி ஒரு ஸ்டீராய்டு. தோல் மருத்துவர் சில வாரத்துக்கு மட்டும், கண்காணித்துக் கொடுக்கிற மருந்து அது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் தெரியும், பருவும் பூனைமுடியும் வரும். நிறுத்தினால் எரிச்சல் கூடும். உடனே மறுபடி பூசத் தோன்றும், வியாபாரம் அதில்தான் நடக்கிறது.

2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் சோப்பு வாங்குவதுபோல வாங்க முடிகிறது. பல வருடமாக இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் எழுதுவேன். கறுப்பு ஒரு நோய் அல்ல. நிறம் தரும் மெலனின் வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து தோலைக் காக்கிறது. பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காக அந்தக் காவலைச் சுரண்டச் சொல்கிற வீட்டுப் பெரியவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு.

சரி, இப்போது செய்ய வேண்டியது. நீயாகப் பூசவும் வேண்டாம், வேறு களிம்புக்கு மாறவும் வேண்டாம். டியூபோடு தோல் மருத்துவரிடம் போ. முகத்தைத் தேதியோடு படம் எடுத்து வை. டியூப், பில், மருத்துவச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதே. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்தால் தமிழிலேயே புகார் சொல்லலாம். தீரவில்லை என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும்.

"இயற்கை மருதாணி" என்று ஒரு பொடி, அரை மணியில் முடியைக் கறுப்பாக்குகிறது. அம்மாவுக்கு வாங்கலாமா?
– கானாடுகாத்தான்

மருதாணி மட்டும் என்றால் நரைமுடி செம்மண் நிறத்துக்குத்தான் வரும். அரை மணியில் கரிய நிறம் வந்தால் உள்ளே வேறு சாயம் இருக்கிறது. பெரும்பாலும் பிபிடி என்கிற பாரா-பினைலின்டயமின்.

இதே பேச்சை நம்பி நானும் எங்கள் ஆத்தாவுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலை இரண்டு கண்ணிமையும் வீங்கி, நெற்றி ஓரமெல்லாம் கொப்புளம். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, கண் திறக்க முடியாமல் முற்றத்துத் தூணோரம் உட்கார்ந்திருந்தார்கள். பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். உட்பொருள் பட்டியலே இல்லை. அப்புறம் அப்படிப்பட்ட பொட்டலம் எதையும் நான் வாங்கியதில்லை.

பட்டியல் இருக்கிற சாயமாக வாங்குங்கள். முழங்கை மடிப்பிலோ காதுக்குப் பின்னாலோ கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பாருங்கள். அரித்தால் அம்மா தலைக்குப் போகக் கூடாது.

நுனி பிளந்த முடியை ஒட்ட வைக்கும் ஷாம்பு எது?
– கோட்டையூர்

எதுவும் இல்லை. கத்தரிக்கோல்.