சுற்றாடலைப் பற்றி மக்களுக்கு எப்படிச் சொன்னால் காதில் ஏறும்?

கேள்வி: சுற்றாடல் விழிப்புணர்வுப் பிரசாரங்களால் உண்மையில் ஏதாவது மாறுகிறதா? காசும் நேரமும்தான் நட்டமா?

மாறுகிறது. கொழும்பில் டெங்கு விஷயத்தில் மாறியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் "சுற்றாடலைப் பாதுகாப்போம்" என்று பதாகை பிடித்துக்கொண்டு போகும் ஊர்வலத்தால் ஒரு வீட்டிலாவது ஒரு பழக்கம் மாறியதாக எனக்குத் தெரியவில்லை. நான் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் குடியிருக்கிறேன். இந்த இரண்டு இடத்திலும் கண்டதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் டெங்கு. 2017 இல் இலங்கை முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். கொழும்பு மிக மோசமாக அடிவாங்கிய மாவட்டங்களில் ஒன்று. இன்றைக்கு எங்கள் மாடியில் இருக்கும் வயதான அம்மம்மாவைக் கேட்டாலும் நுளம்பு எங்கே பெருகும் என்று வரிசையாகச் சொல்லுவார்: பூச்சாடித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, கூரைப் பீலி, யோகட் கப், சிரட்டை. வாரம் ஒரு தடவை கொட்டவேண்டும். ஏன் வாரம் ஒரு தடவை? முட்டை பொரித்து, குடம்பியாகி, நுளம்பாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாள்தான் பிடிக்கும். கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்க்கவும் வேண்டும். முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். இதை வகுப்பில் சொன்ன அன்று, பிள்ளை வீட்டுக்கு வந்து முதல் வேலையாக வாளியைத் தேய்த்ததாகத் தாய்மார் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்ப்பார். குடம்பி கண்டால் எச்சரிக்கை, திருந்தாவிட்டால் வழக்கு.

செய்யவேண்டியது எது, எத்தனை நாளுக்கு ஒரு தடவை, எதற்காக, செய்யாவிட்டால் யார் கேட்பார்கள் என்ற எல்லாவற்றுக்கும் டெங்குப் பிரசாரத்தில் பதில் இருந்தது. குப்பை விஷயத்தில் இவ்வளவு தெளிவு நமக்கு இன்னும் வரவில்லை.

அதே 2017 இல், ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில்தான் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் வருடக்கணக்காக அந்த மேட்டை எதிர்த்துப் போராடியிருந்தார்கள். மேட்டில் கிடந்தது கொழும்பின் குப்பை, நாம் சமைத்து மிஞ்சியதும் அதில் உண்டு. இதை நான் பிள்ளைகளுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நம் வீட்டு வாசலைத் தாண்டிய குப்பை இன்னொருவருடைய வாசலுக்குப் போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

"உக்கும் குப்பை, உக்காத குப்பை எனப் பிரித்துப் போடுங்கள்" என்று எல்லாரும் கேட்டிருக்கிறோம். ஏன் என்று யாராவது சொல்லித் தந்தார்களா? இலங்கையின் நகரக் குப்பையில் பாதிக்கும் மேல் சோறு, மரக்கறித் தோல், இலை போன்ற உக்கும் பொருள்தான். எல்லாம் ஒன்றாகக் குவிந்து காற்றில்லாமல் உக்கும்போது மீதேன் வாயு உண்டாகிறது, கறுத்த கழிவுநீர் வடிந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. 2021 முதல் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கேயும் ஈரச் சோறு கலந்த குப்பை போனால் அந்த ஈரத்தை உலர்த்தவே வெப்பத்தில் ஒரு பங்கு செலவாகிவிடும். வெறுமனே "பிரியுங்கள்" என்றபோது சோம்பல்பட்ட பிள்ளைகள், இந்தக் கணக்கைச் சொன்ன பிறகு வீட்டில் சண்டை பிடித்து இரண்டாவது வாளி வாங்க வைத்தார்கள்.

எங்கள் தொடர்மாடியில் நடந்ததையும் சொல்லவேண்டும். குப்பை பற்றிய அறிவித்தல் லிஃப்டுக்குப் பக்கத்தில் சிங்களத்தில் மட்டும் ஒட்டப்பட்டிருந்தது. இங்கே யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் முதியவர்கள் பலர், அவர்களுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். பகலில் வீட்டில் இருப்பதும், சமைப்பதும், குப்பை கட்டுவதும் அவர்கள்தான்! பிறகு நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு தாளைத் தமிழில் எழுதினோம். எழுதுவதற்கு முன் குப்பை எடுக்க வரும் மாநகர சபை ஊழியரிடம் எல்லாவற்றையும் கேட்டோம், ஏனென்றால் ஜனங்களின் கேள்விகள் எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் இல்லாதவை. மீன் செதிலை எதில் போடுவது? இளநீர்க் கோம்பை? பிள்ளையின் பம்பர்ஸ்? பால்மா பக்கெட்? உடைந்த கண்ணாடி?

கண்ணாடி பற்றிக் கேட்டபோது அவர் பேசாமல் கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் பழைய வெட்டுத் தழும்புகள். "உடைந்ததைப் பேப்பரில் சுற்றி வேறாகத் தந்தால் போதும், அக்கா" என்றார். தாளில் அதை முதல் வரியாகப் போட்டோம். எங்கள் மாடியில் முதலில் மாறியதும் அந்தப் பழக்கம்தான். பைக்குள் ஒரு மனிதரின் கை போகிறது என்று தெரிந்த பிறகு யாருக்கும் இரண்டாம் தடவை சொல்லவேண்டி வரவில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒரு நாள், பிரித்து வைத்த இரண்டையும் ஒரே லொறியில் கொட்டுவதைச் சிலர் கண்டுவிட்டார்கள். மாதக்கணக்கில் சொல்லி வளர்த்த நம்பிக்கையைக் கெடுக்க அந்த ஒரு காட்சி போதும். மக்களைப் படிக்கச் சொல்கிறவர்கள் தங்கள் பக்கத்து வேலையையும் ஒழுங்காகச் செய்யவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2017 செப்டெம்பரில் சோறு சுற்றும் பிளாஸ்டிக் தாளான லஞ்ச் ஷீட்டும், வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்கான ரெஜிஃபோமில் செய்த சாப்பாட்டுப் பெட்டியும் தடை. 2021 இல் சின்னச் சின்னச் சஷே பக்கெட்டுகள். 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் மாலை, நம் வீடுகளில் இருந்த பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு வரை. 2025 நவம்பரிலிருந்து ஷொப்பிங் பேக்குக்குக் கடையில் காசு வாங்கவேண்டும். துணிப்பை கொண்டுபோகும்படி எத்தனை கருத்தரங்கு வைத்தும் அசையாதவர்கள், சில ரூபாய் கேட்டதும் பையை மடித்துக்கொண்டு வருகிறார்கள். அதற்காகச் சொல்லிக்கொடுப்பது வீண் என்று நினைக்கவேண்டாம். ஏன் காசு என்று தெரியாதவர் கடைக்காரரோடு சண்டைதான் பிடிப்பார்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் வீட்டுக்காரரின் தலையில் மட்டும் சுமத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2021 மே 20 அன்று கொழும்புக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்தது, ஜூன் 2 இல் மூழ்கத் தொடங்கியது. பிளாஸ்டிக் பொருள் செய்ய மூலப்பொருளாகும் சின்னப் பிளாஸ்டிக் மணிகள் ஆயிரத்து அறுநூறு தொன்னுக்கும் அதிகமாக அதில் இருந்தன. சரக்குவ, நீர்கொழும்புப் பக்கக் கரைகளில் அவை பனிபோலக் குவிந்தன. கொரோனாக் காலம், வகுப்பெல்லாம் சூமில். பிள்ளைகள் கேட்டது ஒரே கேள்வி: "டீச்சர், மீன் சாப்பிடலாமா?" அந்த நேரத்தில் மீன் விலைப்படாமல் மீனவக் குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆபத்து நேரத்தில் தெளிவான தகவலைத் தமிழில் உடனே தருவதும் பொதுக் கல்விதான். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம், கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. குடிமக்களும் அமைப்புகளும் மனுப்போட்டதால் வந்த தீர்ப்பு அது.

அதனால்தான் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லிக்கொடுக்கிறேன். பெரிய திட்டமொன்றுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை, அதாவது அந்தத் திட்டத்தால் சுற்றாடலுக்கு என்ன நடக்கும் என்று ஆராயும் அறிக்கை, தயாரானால், தேசிய சுற்றாடல் சட்டப்படி அதை மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும், சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளில் அறிவித்தல் போடவேண்டும், குறித்த நாட்களுக்குள் யாரும் எழுத்தில் கருத்து அனுப்பலாம். அந்த அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகையில் மரண அறிவித்தலுக்கும் ஏலவிற்பனைக்கும் நடுவில் சின்னதாக வரும், பெரும்பாலானோர் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவார்கள். என் மாணவர்கள் அதை வாசித்து, என்ன திட்டம், எந்த இடம், கடைசித் திகதி எது என்று குறித்துவைக்கப் பழகுகிறார்கள். இப்படி ஏதாவது உங்கள் கண்ணில் பட்டால் படம் எடுத்து இந்தப் பதிலின் கீழே போடுங்கள், அடுத்த பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். தொடர்மாடிக்கு நாங்கள் எழுதிய அந்தத் தாள் வேண்டுமென்றாலும் கேளுங்கள். உங்கள் தெருவில் குப்பை வண்டி வரும் நாளை மட்டும் மாற்றி எழுதினால் போதும்.