சாவகச்சேரியில் விட்டு வந்த பெட்டி

கேள்வி: 1995இல் போரால் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது, சாவகச்சேரியில் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு கடைக்காரரிடம் நகைப் பெட்டி, காணி உறுதி (நிலப் பத்திரம்), அம்மாவின் தையல் மெசின் மூன்றையும் ஒப்படைத்தோம். பிறகு படகேறி இந்தியா வந்து, இப்போது பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். “எல்லாம் சண்டையில் போயிற்று” என்றார் அவர். சென்ற மாதம் ஊருக்குப் போன உறவினர், அவர் வீட்டு முன்னறையில் எங்கள் மெசினைப் பார்த்திருக்கிறார். 78 வயது அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. போலீசுக்குப் போகலாம் என்கிறான் தம்பி.
- வாசகி, பெங்களூரு

பதில்: அன்புச் சகோதரிக்கு,

போலீஸ் வேண்டாம். ரசீது இல்லாமல், நம்பிக்கையில் கொடுத்த பொருள். போலீஸ் என்றதுமே அவர் வாயை மூடிக்கொள்வார். நகை என்ன ஆனது என்பது அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

மெசின் இருப்பதால் நகையும் இருக்கிறது என்று ஆகாது. 2000-ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரம் இடிந்து நாசமானது. 1995 அக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்து மக்கள் கிளம்பியதைப் போலத்தான் அவரும் கிளம்பியிருப்பார். ஓடுகிறவரால் இரும்பு மெசினைத் தூக்க முடியாது. திரும்பி வந்தபோது அது கிடந்திருக்கலாம். கையோடு கொண்டுபோன நகையைப் பிள்ளைகளின் பசிக்கு விற்றிருக்கலாம். மோசம் செய்திருக்கவும் கூடும். ஆனால் ஏமாற்ற நினைத்தவர் அந்த மெசினை முன்னறையில் வைத்திருப்பாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அம்மாவே போனில் பேசட்டும். முதலில் நகைப் பேச்சே வேண்டாம். “அண்ணை, 2000ஆம் ஆண்டு அடிபாட்டுக்க எங்க போனனீங்கள்? பிள்ளையள் சுகமோ?” என்று கேட்டு, அவர் பட்டதையெல்லாம் சொல்ல விடட்டும். பிறகு, “வித்திருந்தாலும் சொல்லுங்கோ, நான் கோவிக்க மாட்டன்.” மனதார முடிந்தால்தான் அம்மா இதைச் சொல்ல வேண்டும். முடியாதென்றால் கொஞ்ச நாள் பொறுங்கள்.

மெசின் அம்மாவுடையது, கேட்கலாம். அந்த வீட்டில் யாராவது அதில் தைத்துப் பிழைக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுக் கேளுங்கள்.

காணி உறுதிக்கு அவர் தயவே வேண்டாம். பதிவு செய்த உறுதி என்றால் யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். உறுதி எண், அதை எழுதிய நொத்தாரிசின் (நோட்டரி) பெயர், காணி இருக்கும் ஊர் ஆகியவை அப்பாவின் பழைய காகிதங்களில் இருக்கிறதா என்று தேடுங்கள். உங்கள் சார்பில் உறவினர் கையெழுத்திட வேண்டி வந்தால் அற்றோணித் தத்துவம் (பவர் ஆஃப் அட்டர்னி) தேவைப்படும். அதைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் விசாரியுங்கள். காணியின் நான்கு எல்லைகளும் அக்கம்பக்கத்துக் காணிக்காரர்களின் பெயர்களும் அம்மாவுக்கு நினைவிருக்கும். அவற்றை இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள்.