வேக் தீவுக்கு இன்னொரு டிவிஷன் அனுப்பலாமா?

கேள்வி: இரண்டாம் உலகப்போரின் பசிபிக் சண்டையை வைத்து வந்த 'வார் இன் தி பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்' கணினி விளையாட்டில் ஜப்பான் தரப்பில் ஆடுகிறேன். எதிரில் ஆடுவது கணினி இல்லை, நண்பர். ஆட்டத்தில் இப்போது 1943 அக்டோபர். பசிபிக் பெருங்கடலில் உள்ள வேக் தீவில் ஒரு ரெஜிமென்ட் (டிவிஷனைவிடச் சிறிய காலாட்படைப் பிரிவு), இரண்டு கடற்படைக் காவல் பிரிவுகள், ஒரு பேஸ் ஃபோர்ஸ் (தளத்தைப் பராமரிக்கும் பிரிவு), 30 ஜீரோ போர் விமானங்கள் இருக்கின்றன. சப்ளை நாளுக்கு நாள் இறங்குகிறது. அனுப்பும் சரக்குக் கப்பல்களை நீர்மூழ்கிகள் அடித்துவிடுகின்றன. நண்பர் அடுத்து இங்கேதான் இறங்குவார் என்று தோன்றுகிறது. இன்னொரு டிவிஷனைக் கொண்டுவந்து இறக்கினால் தீவு நிற்குமா?

பதில்: அனுப்பாதீர்கள். அந்த டிவிஷன் வந்தால் தீவு இன்னும் சீக்கிரம் விழும்.

முதலில் வேக் தீவின் தளத் திரையைத் திறந்து ஸ்டாக்கிங் லிமிட்டைப் பாருங்கள். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு தீவுக்கும் இத்தனை பேர்தான் தாங்கும் என்று ஒரு எல்லை உண்டு. மிகச் சிறிய தீவுகளுக்கு அது 6,000 பேர். எல்லையைத் தாண்டினால் சப்ளை வீணாகிறது, வீரர்களின் சோர்வும் குலைவும் ஏறிக்கொண்டே போகின்றன. ஒரு டிவிஷன் என்றாலே பத்தாயிரத்துக்கு மேல். எதிரி ஒரு குண்டு போடுவதற்கு முன்பே உங்கள் ஆட்கள் பாதி பலத்துக்கு வந்துவிடுவார்கள். ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் இந்த விதியைச் சும்மா வைக்கவில்லை. வேக் மொத்தமே சுமார் ஏழு சதுர கிலோமீட்டர் நிலம். ஆறு இல்லை, விளைச்சல் இல்லை, கப்பல் உள்ளே வந்து நிற்கத் துறைமுகமும் இல்லை.

இந்தத் தீவை இரண்டு தரப்பும் காத்துப் பார்த்திருக்கின்றன. அதனால் உங்கள் கேள்விக்கு வரலாற்றிலேயே இரண்டு விடைகள் இருக்கின்றன.

1941 டிசம்பரில் அமெரிக்கர்கள் கையில் இருந்தது சுமார் 450 மரீன்கள், ஆறு 5 அங்குலப் பீரங்கிகள், 12 வைல்ட்கேட் விமானங்கள். முதல் நாள் குண்டுவீச்சிலேயே தரையில் நின்ற எட்டு விமானங்களில் ஏழு போயின. ரேடார் இல்லை, கரையில் மோதும் அலையின் இரைச்சலில் குண்டுவீச்சு விமானங்கள் வரும் சத்தமே கேட்கவில்லை. இவ்வளவு இழந்த பிறகும் டிசம்பர் 11 அன்று வந்த ஜப்பானியப் படையை அவர்கள் விரட்டினார்கள். மரீன்களின் தளபதி மேஜர் டெவெரோ பீரங்கிகளைச் சுடவிடாமல் அடக்கி வைத்தார். எதிரிக் கப்பல்கள் கரையை நோக்கி குண்டு பொழிந்தபடி நெருங்கி வந்தன. சுமார் நான்கு கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான் உத்தரவு போனது. ஹயாத்தே என்ற டிஸ்ட்ராயர் (வேகமான சிறு போர்க்கப்பல்) பீரங்கியடியில் மூழ்கியது. மிச்சமிருந்த வைல்ட்கேட்கள் கிசராகி என்ற இன்னொரு டிஸ்ட்ராயரை முடித்தன.

ஆனால் 12 நாள் கழித்து, டிசம்பர் 23 விடியுமுன், ஜப்பானியர்கள் இரண்டு பழைய கப்பல்களைக் கரையிலேயே மோதவிட்டு ஆட்களை இறக்கினார்கள். அப்போது தீவில் காலாட்படை என்று தனியாக எதுவும் இல்லை. பீரங்கிக்காரர்கள் பீரங்கியோடு கட்டுண்டிருந்தார்கள். கரையில் நின்று தடுக்க ஆள் போதவில்லை. உதவிக்குக் கிளம்பிய சாரடோகா விமானந்தாங்கிக் கப்பலின் அணி வழியிலேயே திருப்பி அழைக்கப்பட்டது. அன்றே தீவு விழுந்தது.

எனவே பீரங்கியும் வேண்டும், அதைச் சுற்றி நிற்கக் கொஞ்சம் காலாட்படையும் வேண்டும். காலாட்படை உங்களிடம் இருக்கிறது. கரையோரப் பீரங்கிப் பிரிவு தனியாக இல்லையென்றால், டிவிஷனுக்கு ஒதுக்கிய கப்பல்களில் அதை ஏற்றுங்கள். ஆட்டத்தில் இறங்குபடைக் கப்பல்களையும், கரையைக் குண்டால் அடிக்க வரும் போர்க்கப்பல்களையும் திருப்பிச் சுடுபவை இவைதான்.

இரண்டாவது விடை சப்ளையைப் பற்றியது. உங்கள் நிலைமையும் அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தீவைப் பிடித்த பிறகு ஜப்பானியர்கள் அங்கே ஏறத்தாழ 4,000 பேரை வைத்தார்கள். பெரிய கப்பல் வெளிக்கடலில் நின்று சிறு படகுகளில் சரக்கை மாற்றித்தான் கரைசேர்க்க வேண்டும். நீர்மூழ்கிக்கு அதைவிட நல்ல இலக்கு கிடையாது. 1943 மார்ச்சில் சுவா மாரு என்ற கப்பல் அப்படித்தான் டார்பிடோ பட்டுத் தீவின் கரையில் தரைதட்டியது. 1944-இல் மார்ஷல் தீவுகள் கைவிட்டுப் போன பிறகு வேக் முற்றுகைத் தீவாகிவிட்டது. அமெரிக்கர்கள் அங்கே இறங்கவே இல்லை. போகும் வழியில் குண்டு போட்டார்கள், அவ்வளவுதான். பசி தாங்காமல் காவல்படையினர் எலிகளையும் பறவைகளையும் தின்றார்கள். அந்தத் தீவில் மட்டுமே வாழ்ந்த, பறக்க முடியாத வேக் ரெயில் என்ற பறவையினமே இல்லாமல் போனது. 1945 செப்டம்பர் 4 அன்று, போர் முடிந்த பிறகுதான் தளபதி சகைபாரா சரணடைந்தார். இந்த வரலாற்றில் மறக்கக்கூடாத இன்னொன்றும் உண்டு. 1943 அக்டோபரில் அமெரிக்க விமானந்தாங்கிகள் தாக்கியதும், படையெடுப்பு வரப்போகிறது என்று அஞ்சிய அதே தளபதி, தீவில் சிறைப்பட்டிருந்த 98 அமெரிக்கத் தொழிலாளர்களைக் கொல்ல உத்தரவிட்டார். போர்க்குற்றத்துக்காக அவர் பின்னர் தூக்கிலிடப்பட்டார்.

ஆகவே நண்பர் இங்கே இறங்குவார் என்ற உங்கள் கணிப்பையே ஒருமுறை சந்தேகப்படுங்கள். அவர் நிதானமானவராக இருந்தால் உங்கள் படையைப் பட்டினி போட்டுவிட்டு நேராக மார்ஷல் தீவுகளில் உள்ள குவாஜலினுக்குப் போவார். அங்கே இல்லாத டிவிஷன் வேக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஜீரோ விமானங்களை இன்றைய டர்னிலேயே வெளியே எடுங்கள். அந்த அக்டோபர் தாக்குதலுக்கு வந்தவை ஆறு விமானந்தாங்கிகள். முப்பது ஜீரோவால் அவற்றின் முன் ஒரு காலைப்பொழுது தாக்குப்பிடிக்க முடியாது. அதுவரை அவை சப்ளையைத் தின்றுகொண்டிருக்கும். தேடுதலுக்கு நான்கைந்து கடல்விமானங்கள் போதும். எதிரி எங்கே வருகிறான் என்று முதலில் சொல்வதுதான் இன்றைய நிலையில் வேக் உங்களுக்குத் தரக்கூடிய மிகப் பெரிய லாபம். விமானத்தளத்தைச் செப்பமாக வைத்திருங்கள். குவாஜலினிலிருந்து சுமார் 600 கடல் மைல், அதாவது ஆட்ட வரைபடத்தில் பதினைந்து பதினாறு ஹெக்ஸ் (அறுகோணக் கட்டம்). அங்கிருந்து குண்டுவீச்சு விமானங்களை ஒரு நாள் கொண்டுவந்து, அடித்துவிட்டு, உடனே திருப்பி அனுப்பலாம். டார்பிடோ வேண்டுமென்றால் விமானப்படைத் தலைமையகம் ஒன்று எட்டும் தூரத்தில் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் வெறும் குண்டோடுதான் போகும்.

சப்ளைக்குச் சாதாரண டிரான்ஸ்போர்ட் அணியை நிறுத்துங்கள். ஆட்டத்தில் இங்கே இருக்கும் துறைமுகம் சின்னது என்பதால் அது நாள்கணக்கில் நின்று இறக்கும். உங்கள் கப்பல்கள் அடிபடுவது அதனால்தான். இரண்டு மூன்று சிறிய கப்பல்களை ஆம்ஃபிபியஸ் (கரையிறக்கும்) அணியாகப் போடுங்கள். கரை வழியாகவே இறக்குவதால் கொஞ்சம் சரக்கு நஷ்டமாகும், ஆனால் சீக்கிரம் முடியும். நீர்மூழ்கி வேட்டைக்கு இரண்டு எஸ்கார்ட் கப்பல்களை அந்த ஹெக்ஸிலேயே முன்கூட்டி அனுப்பி வையுங்கள். கப்பல் போகவே முடியாத நிலை வந்தால் டிஸ்ட்ராயர்களைக் கொண்டு ஃபாஸ்ட் டிரான்ஸ்போர்ட், அதுவும் முடியாவிட்டால் நீர்மூழ்கி. நீர்மூழ்கியில் போகும் சரக்கு சொற்பம். பத்தாயிரம் பேருக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி, இரண்டாயிரம் பேருக்கு உயிர்.

அதனால்தான் ரெஜிமென்ட்டில் ஒரு பகுதியையும் வெளியே எடுக்கச் சொல்வேன். திரும்பும் அதே கப்பல்களில் ஏற்றினால் தனிப் பயணம் தேவையில்லை. இன்ஜினியர்களை மட்டும் தொடாதீர்கள். சப்ளை தேவையைவிடத் தாராளமாக ஏறியதும் அவர்களை ஃபோர்ட் (அரண்) கட்டவிடுங்கள். மேல் லெவல்களுக்கு நேரம் மிக அதிகமாகும். இன்று தொடங்கினால்தான் ஜனவரியில் பயன். விமானத்தளத்தையும் துறைமுகத்தையும் பெரிதாக்கும் வேலையை நிறுத்தினால் எல்லாக் கைகளும் ஃபோர்ட்டுக்கு வரும். கண்ணிவெடி போடும் ஆசை எல்லோருக்கும் வரும். பராமரிக்கும் சிறு கப்பலை அங்கேயே வைக்காவிட்டால் அவை தாமாகக் குறைந்துபோகும். அந்தக் கப்பலையும் முதல் விமானத் தாக்குதலிலேயே இழப்பீர்கள். வேக்குக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

எதிரி உண்மையாகவே இறங்கினால் ஆட்ட விதி ஒன்று உங்கள் பக்கம் இருக்கிறது. பவளத்தீவில் இறங்கும் படை தயாராக நேரம் எடுத்துக்கொள்ள முடியாது; இறங்கிய கையோடு ஷாக் அட்டாக் (முழு மூச்சான நேரடித் தாக்குதல்) செய்தே ஆக வேண்டும். பசிபிக்கின் தாரவா பவளத்தீவில் 1943 நவம்பரில் 76 மணி நேரத்தில் சுமார் ஆயிரம் அமெரிக்கர்கள் மடிந்தது எப்படி என்று இந்த விதி காட்டுகிறது. முதல் தாக்குதல் தோற்றால் சண்டை அறிக்கையில் இரு தரப்பின் அட்ஜஸ்டட் அசால்ட் வேல்யூவை (சூழலைக் கணக்கில் எடுத்த தாக்குபலம்) ஒப்பிட்டுப் பாருங்கள். எதிரியின் எண் சரிந்து கிடந்தால் மட்டும் மறுநாள் எதிர்த்தாக்குதல் கொடுங்கள். சந்தேகமாக இருந்தால் அசையாமல் டிஃபெண்டில் இருங்கள். இவோ ஜிமாத் தீவில் ஜப்பானியத் தளபதி குரிபயாஷி தன் ஆட்களைப் பான்சாய் என்ற தற்கொலைப் பாய்ச்சலுக்கு அனுமதிக்கவில்லை. ஐந்து நாளில் முடியும் என்று அமெரிக்கர்கள் நினைத்த சண்டை 36 நாள் இழுத்தது. ஃபோர்ட்டை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு ஸ்குவாடும் அவர்களுக்கு இலவசம்.

குவாஜலின் விழுந்துவிட்டால், அல்லது அங்கே எதிரி விமானங்கள் நிலைகொண்டுவிட்டால், வேக்கை அன்றே காலி செய்யத் தொடங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1943 ஜூலையில் கிஸ்காத் தீவிலிருந்து ஜப்பானிய அட்மிரல் கிமுரா தன் தரப்பினர் 5,000-க்கும் மேற்பட்டவர்களை மூடுபனியில் ஒரு மணி நேரத்துக்குள் கப்பலேற்றினார். இரண்டு வாரம் கழித்து 30,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் படையினர் வெறுந்தீவில் இறங்கித் தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொண்டார்கள். உங்களால் எல்லோரையும் எடுக்க முடியாமல் போகலாம். அப்படியென்றால் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரு துண்டையாவது நீர்மூழ்கியில் எடுத்து டோக்கியோவுக்கு அனுப்புங்கள். அங்கே மாற்று ஆட்களை நிரப்பி அதே பிரிவை மீண்டும் முழுதாக்கலாம். ரெஜிமென்ட்டையும் இன்ஜினியர்களையும் முதலில் ஏற்றுங்கள், பேஸ் ஃபோர்ஸ் கடைசியில்.