கட்டத்துக்குள் என்ன எண்?

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு. 5 + 3 எவ்வளவு என்றால் விரலைக்கூட மடக்காமல் 8 என்கிறாள். 5 + □ = 8 என்று கொடுத்தால் மட்டும் கட்டத்துக்குள் 13 எழுதுகிறாள். 'கட்டம் வந்தா பெரிசுலேர்ந்து சின்னதைக் கழிச்சுடு' என்று சொல்லிக் கொடுத்தேன். இப்போது □ − 3 = 5 என்ற கணக்குக்கு 2 போடுகிறாள். அபாகஸ் வகுப்பில் சேர்த்துவிடலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த 2 உங்கள் குறுக்குவழி போட்ட விடைதான், அம்மா. பெரிய எண் 5, சின்ன எண் 3, கழித்துவிட்டாள். சொன்னபடி கேட்கிற பிள்ளை!

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கே பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். இந்த 13-ஐப் பார்க்காத வருஷமே கிடையாது. குழந்தை கண்ணுக்கு இரண்டு எண்ணும் ஒரு கூட்டல் குறியும் தெரிகின்றன, கூட்டிவிடுகிறது. '=' என்றால் 'விடையை இங்கே எழுது' என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. சந்தேகம் இருந்தால் 8 = 5 + 3 என்று எழுதி, சரியா தப்பா என்று கேட்டுப் பாருங்கள். 'திருப்பி எழுதியிருக்கீங்க' என்று சிரிக்கும் பிள்ளைகள் நிறைய. அதனால் '=' வரும்போதெல்லாம் 'இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அளவு' என்று வாய்விட்டுப் படிக்கப் பழக்குங்கள்.

அடுத்து, நோட்டை மூடி வைத்துவிட்டு எட்டுப் புளியங்கொட்டையும் ஒரு கொட்டாங்குச்சியும் எடுங்கள். எட்டையும் அவளையே எண்ணச் சொல்லுங்கள். கண்ணை மூடச் சொல்லி, மூன்றைக் கொட்டாங்குச்சிக்குள் மறைத்துவிடுங்கள். வெளியே ஐந்து கிடக்கிறது, உள்ளே எத்தனை? முதலில் குத்துமதிப்பாகத்தான் சொல்வாள், சொல்லட்டும். திறந்து அவளே எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும். நாலைந்து முறை ஆனதும் 'ஆறு, ஏழு, எட்டு' என்று மூன்று விரல் நீட்டுவாள். அப்போது 5 + □ = 8 என்று எழுதி, கட்டத்தின் மேல் கொட்டாங்குச்சியை வையுங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

அது கைவந்த பிறகு 8 − □ = 5. எட்டு இருந்தது, கொஞ்சம் போனது, ஐந்து மிச்சம்.

□ − 3 = 5-தான் மூன்றிலும் கடினம். ஆரம்பத்தில் எவ்வளவு என்றே தெரியாமல் எங்கிருந்து எண்ணத் தொடங்குவது? இதைக் கதையாகச் சொல்லுங்கள்: டப்பாவில் முறுக்கு இருந்தது, தம்பி மூன்றைத் தின்றுவிட்டான், இப்போது ஐந்துதான் இருக்கிறது. புளியங்கொட்டைதான் முறுக்கு. தின்ற மூன்றையும் டப்பாவிலேயே திரும்பப் போட்டு எண்ணச் சொல்லுங்கள். கழித்தல் குறி போட்ட கணக்கில் கூட்ட வேண்டியிருக்கிறதே என்று அவளே உங்களைக் கேட்பாள். கேட்கும்வரை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

பத்துக்குள்ளேயே விளையாடுங்கள், பெரிய எண்களுக்கு அவசரமில்லை. கடைக்குப் போனால் கூடவே கூட்டிப் போங்கள். 37 ரூபாய்ச் சாமானுக்கு 50 ரூபாய் நீட்டினால், பழைய கடைக்காரர்கள் '38, 39, 40' என்று மூன்று ஒற்றை ரூபாயை வைத்து, மேலே ஒரு பத்தைப் போட்டு '50' என்பார்கள். 37 + □ = 50 அவ்வளவுதான்.

அபாகஸ் வகுப்பு கூட்டல் கழித்தலில் வேகத்தைக் கொடுக்கும். உங்கள் மகளுக்கு அந்த வேகம் ஏற்கெனவே இருக்கிறது. இப்போதைக்கு ஃபீஸ் கட்ட வேண்டாம்.